கிழங்கு அழுகலிலிருந்து ஹில்லாவுக்கு ஒரு மருந்து

மே 11, 2015, திங்கள்
மண் இன்னும் சில்லென்றிருக்கிறது, உருளைக்கிழங்கு நடவு தொடங்கவில்லை. மதியம் ஊலு நகர மருத்துவமனை. மகள் ஹில்லாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஏழு வாரம். ஒன்பது வயது. கண்ணாடியில் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்து, "நம்ம விதைக்கிழங்கு மாதிரியே இருக்குல்லப்பா?" என்றாள்.

மே 13
ஊசி மருந்து ஏறிய ஐந்தாவது நிமிடம் முகம் வீங்கி, மூச்சுத் திணறி — எவ்வளவு நேரம்? தெரியல. காப்பாற்றிவிட்டார்கள். ஒவ்வாமையாம். அந்த மருந்து இனி அவளுக்குக் கிடையாது. அப்புறம் என்ன பண்றது? மனைவி எய்வியிடம் கேட்டேன். என் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

மே 15
டாக்டர் துலிக்கி உட்காரவைத்துச் சொன்னார். அந்த மருந்து ஒரு நொதி. அஸ்பரஜின் என்ற சத்திலுள்ள அமைடு பிணைப்பை உடைத்துவிடும். அந்தச் சத்து ரத்தத்தில் தீர்ந்தால் புற்றணுக்கள் பட்டினியில் சாகும்.
"இதே வேலையைச் செய்யற நொதி வேற ஒரு பாக்டீரியாகிட்டயும் இருக்கு. அதை அவ உடம்பு ஏத்துக்கும்னு நினைக்கிறேன்."
பெயரைச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.
"டாக்டர், அது கிழங்கை அழுக வைக்கிற இனம். நாலு வருஷம் முன்னாடி அதாலதான் மொத்த விதைக்கிழங்கையும் குழியில கொட்டினேன்."
"அந்தக் குடும்பம்தான். ஆனா கிருமியைப் போடல, அதோட நொதியை மட்டும்தான்."
"போடுங்க."

மே 18
தொடையில் முதல் ஊசி. ஒரு மணி நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"என் மூஞ்சியில படமா ஓடுது?"
வீங்கவில்லை.

மே 29
ரத்தத்தில் நொதி வேண்டிய அளவு இருக்கிறதாம். வேலை செய்கிறது. அந்தக் கிருமிக்கு நன்றி என்று எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.
பக்கத்து வயல்காரன் ஓய்வா எங்கள் நடவை முடித்துவிட்டான். "நீ ஆஸ்பத்திரியப் பாரு. வரிசை கோணலா இருந்தா அப்புறம் திட்டிக்கோ." கோணல்தான். அவனைக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 20
வாரத்துக்கு மூன்று ஊசி. ஒருமுறைகூட வீங்கவில்லை.

நவம்பர் 14, 2017, செவ்வாய்
சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். காலையில் ஹில்லா வயிற்றுவலி என்று எழுந்திருக்கவே இல்லை. எய்வி காய்ச்சல் பார்த்தாள், வயிற்றை அழுத்தினாள். நான் மருத்துவமனைக்குப் போன் போட எழுந்தேன்.
"இன்னைக்குக் கணக்குப் பரீட்சையா?" என்றாள் எய்வி.
போர்வைக்குள் குலுங்கல், பிறகு சிரிப்பு. எய்வி திட்டத் தொடங்கினாள். நன்றாகவே திட்டினாள்.
நான் வெளியே போய் முற்றத்துப் பனியை வாரினேன். பனி இல்லாத இடத்தையும் வாரிக்கொண்டிருந்தேன்.