மூன்றாம் பாரம் நிறைந்த வருஷம்

என் அலமு அக்காவுக்கு,

உன் மூன்றாம் பாரம் வகுப்பு நிறைந்துவிட்டது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்கிறார்கள். ஆடியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். படிக்க அனுப்புங்கள் என்று நீ வீடு வீடாகப் போய்க் கெஞ்சிய பெண்கள், இப்போது மணியடிக்கும் முன்பே வந்து நிற்கிறார்கள். சந்தோஷச் செய்தியாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் தறி நின்றுவிட்டது, அக்கா. பட்டுப்புடவை வாங்க ஆளில்லை என்று முதலாளிகள் நூல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டும், தறியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் நாடாவைத் தள்ளிக்கொண்டும் இருந்த பெண்களுக்கு வேலை இல்லை. அதனால் பள்ளிக்கூடம். காலி பெஞ்சைப் பார்த்து நீ வருத்தப்பட்ட நாட்களிலெல்லாம் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. இது உனக்குத் தெரியுமா?

பாடங்கள் முறைப்படி நடக்கின்றன. தசம பின்னம் முடிந்தது. சென்னை மாகாணப் படத்தைப் பார்க்காமலே வரைகிறார்கள். பூகோள வகுப்பில், பட்டு எங்கே விளைகிறது என்று கேட்டேன்.

“முதலாளி வூட்லம்மா!” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சுகாதாரப் பாடத்தில்தான் அகப்பட்டுக்கொண்டேன். பால், பருப்பு, கீரை, பழம், நெய் என்று பலகையில் எழுதி முடித்ததும் குப்பம்மா எழுந்தாள். நெசவுக்கார ஏகாம்பரத்தின் மகள், போன வருஷம் நீயே கையைப் பிடித்து அழைத்துவந்தவள்.

“இத்தினியும் ஒரே நாள்ல துன்னணுமாம்மா? இல்ல, வருசத்துக்கா?”

“எழுதிப் பாத்தாலே வயிறு ரொம்பிடும், குந்துடி!” என்றது பின் பெஞ்சு.

அப்படிக் கேலி செய்த பின் பெஞ்சுக்காரியே அன்று பிற்பகல் தையல் வகுப்பில் மயங்கி விழுந்தாள்.

குப்பம்மாவுக்குக் கணக்கில் உன் கை. பங்குனியில் பரீட்சை எழுதித் தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம், படிக்க உபகாரச் சம்பளமும் உண்டு என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அதிலிருந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்பாள். தப்பாகச் சொன்னால் உன்னைப்போலவே புருவத்தை மட்டும் தூக்குவாள்.

மார்கழிக் கடைசியில், தைக் கல்யாணங்களுக்குப் புடவை கேட்டு ஆள் வந்தது. ஒரு காலை இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கையில் அடுத்த தெருவில் தறிச்சத்தம் கேட்டது. அத்தனை பெண்களும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். என் முகம் எப்படி இருந்ததோ, குப்பம்மா மட்டும் என்னையே பார்த்தாள்.

“தறி ஓடுதும்மா. உங்களுக்குச் சந்தோசமா இல்லியா?”

இல்லை. ஊர் பட்டினி கிடந்தாலும் என் வகுப்பு நிறைந்திருக்கட்டும் என்று அந்த நிமிஷம் என் மனசு நினைத்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

பிறகு பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நேற்று ஏகாம்பரம் வந்தார்.

“கோர்வைப் புடவைம்மா. கரை வேற நெறம், உடம்பு வேற நெறம். ரெண்டு பேரு குந்தாம ஓடாது. பொண்ண அனுப்பிடுங்க.”

“பங்குனி வரைக்கும் பொறுத்துக்கோங்கோ. அவ சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்.”

“அவ சாப்பாடுதானம்மா? வூட்ல இன்னும் நாலு வாயி இருக்குதே.”

கோபமாகச் சொல்லவில்லை. வாசல்வரை போனவர் திரும்பினார்.

“அமாவாசைக்குத் தறியில கை வைக்க மாட்டோம். அன்னிக்கு வேணா வந்துட்டுப் போவட்டும்.”

“மாசத்துக்கு ஒரு நாளா, நைனா?” என்றாள் குப்பம்மா.

“அதுனாச்சும் இருக்குதே, வாடி.”

போய்விட்டார்கள். அந்த நேரத்தில் குப்பம்மாவுக்கும் எனக்கும் நினைவு வரவில்லை, வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அமாவாசையன்று நம் வீட்டில் புத்தகம் தொடக்கூடாது. தெரியாமல் சிலேட்டை எடுத்தால்கூட அப்பா பிடுங்கி வைத்துவிடுவார். நீயும் அந்த வழக்கத்தை மீறியதில்லை, அன்று உன் வகுப்பைப் பூட்டியே வைத்திருந்தாய். அவர்களுக்குத் தறி தொடாத நாள், நமக்குப் படிப்பு ஆகாத நாள். இத்தனை வருஷமாக அந்த ஒரு நாளில் அவர்களும் நாமும் அவரவர் வீட்டில் சும்மா இருந்திருக்கிறோமே, அக்கா!

வருகிறது தை அமாவாசை. அண்ணா எள்ளும் தண்ணீரும் இறைத்து அப்பாவின் பெயரோடு உன் பெயரையும் சொல்லும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். மூன்றாம் பாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாதம் ஒரு நாள் வருகிறவளைப் பரீட்சை எழுத விடுவார்களா என்று தெரியவில்லை. விடமாட்டார்கள் என்றே தோன்றுகிறது. இருந்தாலும் பூட்டிய கதவைப் பார்த்து அவள் திரும்பிப் போகும்படி நான் விடமாட்டேன், இது சத்தியம். தோஷம் ஏதும் உண்டென்றால் அது என்னைச் சேரட்டும். உனக்கென்று இருக்கும் அந்த நாளை அவளுக்குக் கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கூடப்பிறந்தவள்,
செங்கமலம்