அம்பத்தூரில் இறங்கவில்லை

ஞாயிறு, இரவு.

அரசு பணம் ஒதுக்கி வாங்கிய தாழ்தளப் பேருந்து எங்கள் ஆவடிக்கும் வந்துவிட்டது. இன்று முதன்முறையாக, யாரும் என்னைத் தூக்காமல், சக்கர நாற்காலியோடு பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் வாசலில் மடிந்திருந்த பலகையை விரித்துப்போட்டு, "மெதுவா வாக்கா, அவசரமில்ல" என்றார்.

அம்பத்தூர் வரை போய்ப் பார்ப்பது என்பதுதான் ஏற்பாடு. சின்ன வயதிலிருந்து என்னைத் தூக்கிச் சுமந்த அண்ணனுக்கு ஒரே பயம். பைக்கில் பின்னாலேயே வந்தான். அம்பத்தூர் நிறுத்தத்தில் முந்திக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றான்.

"எறங்கலியாக்கா?" என்றார் கண்டக்டர்.

"கோயம்பேடு வரைக்கும் வரேண்ணே."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியாது. ஜன்னல் வழியாக அண்ணனுக்குக் கையசைத்தேன்.

"இன்னாமே, எங்க போற?" என்று கத்தினான். பேருந்து நகர்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

கோயம்பேட்டில் வந்து சேர்ந்தவன் திட்டுவான் என்றிருந்தேன். பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "உள்ள எப்டி கீது?" என்றான்.

"ஏறித்தான் பாரேன்."

பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு என்னோடே பேருந்தில் திரும்பினான். ஆவடி வரும்வரை ஜன்னலோர இருக்கையை விடவே இல்லை.