பள்ளத்தாக்கில் ஓர் அறை

அன்புள்ள அம்மாவுக்கு,

டனீடன் நகரில் நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா?

பல்கலைக்கழகத் தெருவை விட்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாணவர்கள் கொண்டாட்டத்தில், இந்த ஊர் மாணவர் வழக்கப்படி, பழைய சோபாவை வெளியே போட்டுக் கொளுத்த, எங்கள் வேலியும் கொஞ்சம் கருகியது. பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை.

புது அறை அரைமணி நடையில், பள்ளத்தாக்கில் இருக்கிறது.

"இங்க வெயில் ஒரு மணி நேரந்தான் எட்டிப் பாக்கும். அதான் வாடகை கம்மி. ஆனா சத்தமே இருக்காதும்மா," என்றார் வீட்டுக்காரம்மா மோரீன்.

"வெயில நான் சமோவாவுலேருந்தே கொண்டாந்திருக்கேன்," என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

படிப்பு நன்றாக ஓடுகிறது. இவ்வளவு அமைதியில் தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. மாலை ஜெபத்தில் நீங்கள் எல்லோரும் பாடுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். தம்பி சியாகி சுருதி தப்பினால் திருத்த வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
ஃபெதூ