என் நன்றிக் கடிதத்தால் வேலை இழந்தவர்

அனுப்புநர்:
ஸ்மிதா பூபாலன்,
கல்லூரி நூலகர்,
மெட்டுகுடா, செகந்திராபாத்,
ஹைதராபாத்.

பெறுநர்:
மறைமாவட்டச் செயலர் அவர்கள்,
ஆயர் இல்லம்,
வேலங்குடி மறைமாவட்டம்.

பொருள்: அருளக்குறிச்சி ஆலயக் கோயில்பிள்ளை திரு. இருதயராஜ் பணியிலிருந்து நிறுத்தப்பட்டது – மீண்டும் பணியில் அமர்த்த வேண்டுதல்.

பார்வை: அருளக்குறிச்சிப் பங்குத்தந்தைக்கு நான் எழுதிய நன்றிக் கடிதம், நாள் 10.06.2024.

வணக்கத்திற்குரிய தந்தை அவர்களுக்கு,

1. ஆலயத்தையும் அதன் பதிவேடுகளையும் பராமரிக்கும் கோயில்பிள்ளை என் முன்னோரைத் தேட உதவியதற்கு நன்றி சொல்ல மட்டுமே பார்வையில் கண்ட கடிதத்தை எழுதினேன். பழைய பதிவேடுகளை அனுமதியின்றி வெளியாருக்குக் காட்டியதாகத் திரு. இருதயராஜ் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டுள்ளார். அதற்குச் சான்றாக வைக்கப்பட்டிருப்பது என் கடிதமும், அதனுடன் நான் ஆர்வக்கோளாறில் இணைத்த பதிவேட்டுப் பக்கத்தின் புகைப்படமும்தான் என்று அறிந்தேன்.

2. ஹைதராபாத்தில் பள்ளியிலும் அலுவலகத்திலும் முதலில் கேட்பது வீட்டுப்பெயரைத்தான். நான்கு தலைமுறையாக நாங்கள் ‘பூபாலன்’ என்று எழுதி வருகிறோம். 1923இல் அருளக்குறிச்சியிலிருந்து வந்து ரயில்வே பணிமனையில் சேர்ந்த என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அது. சென்ற ஆண்டு நான் செய்துகொண்ட மரபணுப் பரிசோதனையில், காஞ்சனா என்ற செவிலியர் எனக்கு இரத்த உறவு என்று வந்தது. அவரும் அருளக்குறிச்சிக்காரர். ஆனால் அவர் குடும்பத்தில் பூபாலன் என்று எவரும் இருந்ததில்லை. என் தந்தை எட்வின், “நக்கோம்மா, வேணாம், எழுபத்தெட்டு வயசுல நான் யார் வீட்டுப் பிள்ளைன்னு தேட வைக்காத” என்றார். பிறகு மே மாதத்தில் எனக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரும் அவரே.

3. அருளக்குறிச்சி ஆலயத்தில் முதல் நாளே 1904ஆம் ஆண்டுத் திருமுழுக்குப் பதிவேட்டில் பூபாலன் கிடைத்தார். பெற்றோரோ காஞ்சனாவின் முன்னோர் அல்லர், வேறு வீட்டார். நான் அதோடு திரும்பியிருப்பேன். திரு. இருதயராஜ், “பேரு கெடச்சிருச்சும்மா, ஆளு கெடைக்கல. நாளைக்கு எறந்தவங்க புஸ்தகத்தையும் பாத்துருவோம்” என்றார். மறுநாள் பார்த்தோம். பூபாலன் 1909 நவம்பரில் காய்ச்சலில் இறந்திருக்கிறான். வயது ஐந்து.

4. மூன்றாம் நாள், திரு. இருதயராஜே காஞ்சனா வீட்டாரிடம் விசாரித்து வந்து இன்னொரு பக்கத்தைத் திறந்தார். காஞ்சனாவின் கொள்ளுத்தாத்தாவுக்குச் சவரிமுத்து என்றொரு தம்பி. ரயில்வே வேலைக்கென்று போனவர் ஊர் திரும்பவில்லை. அவருடைய திருமுழுக்கு 1908இல். திருமுழுக்கில் குழந்தையை ஏந்திப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் என்ற இடத்தில் அன்னம்மாள் என்று எழுதியிருந்தது. பூபாலனைப் பெற்ற தாயும் அதே அன்னம்மாள்தான். பதினைந்து வயதில் ரயில்வேயில் சேர முடியாது. வயதுச் சான்றாக அன்று ஏற்கப்பட்டது திருமுழுக்குச் சான்றிதழ். இறந்த மகனின் சான்றிதழை அந்தத் தாய் தன் ஞானமகனிடம் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும், பூபாலன் என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்த என் கொள்ளுத்தாத்தா அந்தச் சவரிமுத்துதான் என்று புரிந்துகொண்டோம். நான்கு தலைமுறை அந்தச் சம்பளத்தில் வளர்ந்து படித்தோம். அந்தப் பக்கத்தின்மேல் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மின்விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

5. சென்ற வாரம் அவரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். “கடுதாசி நல்லாத்தான் இருந்துச்சு. ஃபாதர் மைக்குல வாசிச்சாரு, என் வீட்டுக்காரி அழுதுட்டா. அடுத்த தடவ மட்டும் கொஞ்சம் திட்டி எழுதுங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின் என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

6. எழுத்துமூல அனுமதி பெறாதது என் தவறு. பிறர் நூல்களைக் காக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அந்த முறை தெரியாதென்று சொல்ல முடியாது. படம் எடுத்ததும் அவர் கண்முன் அல்ல. பதிவேட்டை அவர் ஒருநாளும் அறையை விட்டு வெளியே கொண்டுவரவில்லை, என்னிடம் கைம்மாறாக எதுவும் பெறவில்லை. நடவடிக்கை எடுப்பதானால் என்மீது எடுக்கக் கோருகிறேன். விசாரணைக்கு எந்த நாளிலும் நேரில் வருவேன்.

7. திரு. இருதயராஜை நவம்பர் இரண்டாம் தேதிக்கு முன் பணியில் அமர்த்த வேண்டும். கல்லறைத் திருநாளன்று, குடும்பத்தார் எழுதிக் கொடுக்கும் மரித்தோர் பெயர்களை வாசிப்பவர் அவரே. பூபாலனின் பெற்றோருக்கு வேறு பிள்ளைகள் இருந்ததாகப் பதிவேடுகளில் இல்லை. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளாக அவன் பெயரைக் கொடுக்க ஆளில்லை. இந்த ஆண்டு நாங்கள் கொடுக்கிறோம். என் தந்தையும் என்னுடன் வருகிறார். அந்தப் பெயரை, அவனைக் கண்டெடுத்தவர் வாசிக்கக் கேட்க விரும்புகிறோம்.

தங்கள் நல்ல முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஸ்மிதா பூபாலன்

இடம்: ஹைதராபாத்
நாள்: 07.10.2024