தமிழ்ச்செல்விக்குப் போட்ட பூட்டு

புனே

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீசில் பலர் சேர்ந்து இணையப் பாடங்கள் எழுதுவதற்கான கோப்புகளை நான்தான் அமைத்தேன். ராசிபுரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தமிழ்ச்செல்விக்கு மட்டும், படிக்கலாம், எழுத முடியாது என்று வைத்துவிட்டேன். அவள் பேசும்போதெல்லாம் பின்னால் அவள் அம்மாவின் குரல் கேட்கும். அந்தப் பொறாமைதான்.

நேற்று அழைத்தாள். "ஏனுங்க அக்கா, எனக்கு மட்டும் எழுத வரமாட்டேங்குதுங்களே?"

"ஏதோ தவறிப்போச்சுங்க," என்றேன்.

"சாமி, சோறு ஆறுது, வா," என்று அவள் அம்மா கூப்பிட்டார்.

உடனே அனுமதியைக் கொடுத்துவிட்டேன். பொறாமை மட்டும் போகவில்லை.

நம்மூர் மஞ்சள்தூள் கொஞ்சம் அனுப்பு. ஞாயிறு மதியம் போன் செய்கிறேன். எடுத்ததும் என்னையும் ஒருதரம் சாப்பிடக் கூப்பிடு.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

உன்
அறிவுச்செல்வி