எங்குட்டு என்று கேட்டவளுக்கு

பையின் ஜிப்பைத் திறந்ததும் புழுங்கல் நெல் வாசனை. இந்தப் பையில் ஒருநாளும் நெல் இருந்ததில்லை. அடியில் சுருண்டு கிடந்தது உன் அக்கா குழந்தையின் கம்பளிக் குல்லா. காற்று மோதி உஸ் உஸ்ஸென்று இரைகிறது என்று வீட்டிலிருந்து திருடிக்கொண்டு வந்து மைக்கின் தலையில் மாட்டிவிட்டாயே, அதுதான். இரண்டு வருடமாக நான் அதைத் துவைக்கவில்லை. உன் வீட்டு வாசனை போய்விடும் என்பதற்காக என்று சொன்னால் நம்பமாட்டாய். பாதி அதுதான்; மீதி சோம்பல்.

மணி மூன்று. உன் ஊர் புதுவயலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெண்கள் கபடி இறுதிப் போட்டி நாலு மணிக்கு. நம் கல்லூரி வானொலியில் நேரடி ஒலிபரப்பு. முதுகலை சேர்ந்த பிறகும் அந்த ஸ்டுடியோவை நான் விடவில்லை. ஸ்கோர் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் உனக்கு இதை எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள இப்போது வேறு ஆள் இல்லை.

நேற்று அரையிறுதி முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் சிரிப்பு. "நல்லாப் பேசுறம்மா. ஆனா ஃபைனலுக்கு மதுரையிலருந்து ஒரு அண்ணன் வாராரு. ஆம்பளக் குரல்னா கூட்டத்துக்கே ஒரு கெத்து இருக்கும். அவரு ஒலிபெருக்கியில பேசுறதையே ரேடியோவுக்கும் எடுத்துக்கங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யோசிச்சுச் சொல்றேன்ணே" என்றேன். நானா அப்படிச் சொன்னேன்! பஸ்ஸில் காரைக்குடி செக்காலை வந்து இறங்கும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாய்.

நான் எப்படி இந்த மைக்குக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும், நூறு தடவை கேட்டு அலுத்திருக்கிறாய். நூற்றியோராவது தடவையும் கேள். செக்காலை ரோட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே டிவி விற்கிற கடை. கண்ணாடிக்கு உள்ளே பத்து டிவியிலும் ஒரே கிரிக்கெட் ஓடும். வெளியே சத்தம் துளி வராது. நாலாம் வகுப்புப் படிக்கும்போது அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நான் நிற்பேன். ஆட்டோ ஸ்டாண்டு மாமாக்கள் சவாரியை விட்டு நகர முடியாமல் அங்கிருந்தே "என்னாச்சு பாப்பா?" என்று கத்துவார்கள். நான் திரும்பாமலே பதில் கத்துவேன். பந்து போனது, ஓடினான், விழுந்தான், நழுவவிட்டான். ஒருநாள் வெறும் கிரிக்கெட்டோடு நிற்காமல் கடைக்காரர் டிவியைத் துடைக்கிற துணியின் நிறம் வரை சொல்லிவிட்டேனாம். அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

உனக்கோ விளையாட்டு என்றால் ஒன்றும் தெரியாது. கபடியில் ஒரு பக்கம் எத்தனை பேர் என்று மூன்றாம் வருடத்தில்கூட என்னிடம் கேட்டாய். அரிசி மில்லுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். உமித் தூசியில் உன் நெஞ்சு சின்ன வயதிலேயே இறுகிவிட்டது. மைதானப் புழுதி பக்கம் நீ வரவே கூடாது. அதனால் ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு ஒலி மிக்சர் முன்னால் உட்கார்ந்தாய், இன்ஹேலரைப் பேனா மாதிரி பையில் குத்திக்கொண்டு. யாருடைய குரலையும் ஏற்றவும் இறக்கவும் உன் இரண்டு விரல் போதும்.

நாம் முதன்முதலில் பதிவு செய்து பார்த்தது நம் கல்லூரிப் பெண்களின் பயிற்சி ஆட்டம். நான் மைதானத்தில், போனில் சொருகிய மைக்கோடு. அரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசிவிட்டு, உலகத்தையே வென்ற நினைப்போடு ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தேன். நீ பதிவை ஓடவிட்டாய். "பாடிப் போறா, இந்தா இங்குட்டு வாரா, அங்குட்டுத் திரும்பிட்டா, அந்தா, அங்குட்டு, அங்குட்டு, பிடிச்சிட்டாக!" நீ நிறுத்தினாய்.

"எங்குட்டுடி?" என்றாய்.

"அதான், அங்குட்டு."

"யாருக்குச் சொல்ற? பக்கத்துல நிக்கிறவனுக்கா? அவனுக்குத்தான் கண்ணு இருக்குல்ல. எங்கம்மா மில்லுல களத்துல நெல்லுக் கிண்டிக்கிட்டே கேக்கும். அதுக்கு எங்குட்டு?"

எனக்கு மூஞ்சி தொங்கிப்போனது. நம் ஊரில் பிறந்தவளுக்கு அந்த வார்த்தை இல்லாமல் கையைக்கூட நீட்டத் தெரியாது. நீ ஒரு தாளை எடுத்து ஒரு கட்டம் போட்டாய். மைதானத்துக்கு நான்கு பக்கமும் என்ன இருக்கிறது என்று என்னைச் சொல்லச் சொன்னாய். கண்மாய், கேட், விடுதி, புளியமரம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இந்த நாலையும் கேட்கிறவர்கள் தலைக்குள் நட்டுவிட வேண்டும், பிறகு யார் ஓடினாலும் அந்த நாலில் ஒன்றைச் சொல்லி ஓட வேண்டும் என்றாய். "கண்மாய்ப் பக்கம் ஓடுறான்னா எங்கம்மா கண்ணு கண்மாய்ப் பக்கம் திரும்பணும்." கபடியே தெரியாத நீதான் எனக்கு அதைச் சொன்னாய். அன்றைக்கு உன்மேல் எனக்கு மகா எரிச்சல்.

அதற்குப் பிறகு நம் வானொலிப் பொறுப்பாசிரியர். அவர் கெட்டவர் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. பெண்கள் தேர்வுக் குறிப்பும் சமையல் குறிப்பும் படிக்கட்டும், விளையாட்டென்றால் முடிவு மட்டும் ஐந்து நிமிடம் வாசித்தால் போதும் என்பது அவர் கணக்கு. பதிவைக் கேட்டுவிட்டுக் காதைத் தேய்த்தார். "பொம்பளப் புள்ள கத்துனா ரேடியோவுல காது வலிக்கும்மா. கொஞ்சம் கொறச்சுக்க" என்றார். நான் தரையைப் பார்த்தேன். நீ மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாய்.

"சார், சத்தத்தக் கொறைக்கிறது என் வேலை. அதுக்குத்தான் என்னைய இங்க உக்கார வச்சிருக்கீக. அவள ஏன் கொறைக்கச் சொல்றீக?"

அவர் உன்னைப் பார்த்தார், மிக்சரைப் பார்த்தார். சத்தம் மிஞ்சினால் சிவக்கிற விளக்குகளில் ஒன்றும் சிவப்புக்குப் போகவில்லை. "ஒரே ஒரு ஆட்டம். பாப்போம்" என்று போய்விட்டார். ஒரு ஆட்டம் பத்தானது, பத்து ஒரு வருடமானது. கல்லூரி வானொலி பெரிய தூரம் போகாது. ஆனால் புதுவயல் வரை போகும். காதில் மாட்டிய கருவியில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி நீ பேசிக்கொண்டே இருப்பாய். "எங்குட்டு?" "யாரு?" "ஏன் கைதட்டுறாக?" விவரம் தெரிந்தவர்கள் கேட்காத கேள்வியெல்லாம் நீ கேட்டாய். நான் உனக்குச் சொன்னேன்; உன் வழியாக ஊருக்குச் சொன்னேன்.

அந்த மார்கழியில் உனக்கு மூச்சு திணறியது. சிவகங்கைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் உன்னைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டி அதிலிருந்து ஆறாவது நாள், நம் மைதானத்திலேயே. பொறுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நேரடி ஒலிபரப்பு வேணாம்மா. சோகமா ஒரு வாத்திய இசை போட்டு, நீ ரெண்டு வார்த்த அவளப் பத்திப் பேசு. கூட்டாளி போயி ஒரு வாரம் ஆகல, இவ கபடிக்குக் கத்துறாம்பாக" என்றார். நீ ஸ்டுடியோவில் சோக இசை போட விட்டதே இல்லை. தூக்கம் வருகிறது என்பாய். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட அந்த வாத்திய இசை மேல்தான் அதிகம் வந்தது. ஆனாலும் என் இஷ்டத்துக்குச் செய்ய நீ எனக்கு மட்டும் சொந்தமா? பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன்.

உன் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பிறகு கேட்டார்கள்:

"எத்தன மணிக்குத்தா வரும்?"

"நாலு மணிக்கும்மா."

"அப்ப மூணே முக்காலுக்கே ரேடியோவத் திருப்பி வச்சிர்றேன்."

அவ்வளவுதான். நான் நேரே ஆசிரியர் வீட்டுக்குப் போய், ஒலிபரப்பு உண்டு, ஸ்டுடியோவில் ஆள் இல்லையென்றால் பூட்டை உடைத்து நானே இரண்டு வேலையும் பார்க்கிறேன் என்றேன். மிக்சரை இயக்கத் தெரிந்த இன்னொருவர் அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான். வந்து உட்கார்ந்தார்.

முதல் பாதி நன்றாகப் போனது. நாலு பக்கத்தையும் நட்டேன், நீ சொன்னபடி. இரண்டாம் பாதியில் புள்ளிகள் சமம். நம் அணியின் குட்டைப் பெண் பாடிப் போனாள். கடைசி நிமிடம். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். என் காதில் ஒரே நிசப்தம். இந்நேரம் நீ ஏதாவது கேட்டிருப்பாய் என்று தோன்றியதும் படித்ததெல்லாம் மறந்தது. "அங்குட்டுப் போறா, அந்தா, அங்குட்டு" என்று உளற ஆரம்பித்தேன்.

அப்போது காதில் ஒரு குரல் கேட்டது. "எங்குட்டும்மா? கண்மாய்ப் பக்கமா?"

ஆசிரியரின் குரல். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அது உன் கேள்வி. அதைக் கேட்க அவருக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த ஆத்திரத்தில்தான் எனக்குக் குரலே திரும்பி வந்தது. "கண்மாய்ப் பக்க ஓரத்துல நிக்கிறா! மூணு பேரு சுத்திட்டாக, புளியமரத்துப் பக்கம் ஒருத்தி காலப் புடிச்சிட்டா, விழுறா, விழுந்துகிட்டே கைய நீட்டுறா, நடுக்கோட்டுல வெரல் நுனி தொட்டிருச்சு!" நாம் ஜெயித்தோம். நான் அழவில்லை. அழுதிருந்தால் மைக்கில் கேட்டிருக்கும். ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது அவர் மிக்சர் மேலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். "கடைசியில ரொம்பக் கத்திட்டேனா சார்?" என்றேன். "நான் கொறைக்கல" என்றார்.

இன்றும் காரைக்குடி ஸ்டுடியோவில் அவர்தான் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். உன் கேள்வியைக் கேட்கிறார். நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் பதில் சொல்கிறேன்.

மதுரைக்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதராகத் தெரிகிறார். பாவம், அவருக்கு என் கதை எதுவும் தெரியாது. ஒலிபெருக்கியில் 'ஒன் டூ த்ரீ' சொல்லிப் பார்க்கிறார். குரல் கணீரென்று இருக்கிறது. ஆனால் இந்த மைதானத்தின் எந்தப் பக்கம் எது என்று அவர் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. நான் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

கமிட்டிக்காரர் வந்து நின்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பேசினேன்.

"என்னம்மா, யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேண்ணே. ஒலிபெருக்கி அவருக்கு. ரேடியோ எனக்கு."

"ரெண்டு பேரு பேசுனா குழப்பமாப் போகும்மா."

"இங்க உள்ளவகளுக்கு அவரு பேசட்டும், அவகளுக்குக் கண்ணு இருக்கு. மில்லுல இருக்கிறவகளுக்கு நான் பேசுறேன். முடியாதுன்னா என்னைய ஸ்டூலோட தூக்கி வெளிய வைங்க. அதையும் ரேடியோவுல சொல்லுவேன், எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போறீகன்னு."

அவர் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கழுத்து அட்டையைத் திருகிக்கொண்டே போய்விட்டார். திரும்ப வந்தாலும் வரலாம். வரட்டும்.

மணி மூன்றே முக்கால். உன் அம்மா இந்நேரம் களத்து ஓரத்தில் ரேடியோவைத் திருப்பியிருப்பார்கள். குல்லாவை மைக்கில் மாட்டிவிட்டேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ரோட்டைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் மில், இடது கைப் பக்கம் கோயில், முதுகுக்குப் பின்னால் பள்ளிக்கூடம். மில் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக, கயிற்றை ஒட்டி ஒரு மர ஸ்டூல் இருக்கிறது. அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மைக் என் கையில் இருக்கிறது.