கரிமுனி

ஆடி 21, செவ்வாய்

விடாத மழை. போட்டாதாங் துறைமுகக் கரிக்கிடங்கில் பாதி நாள்தான் வேலை. கூடை எண்ணும் கிளார்க்குக்கு மழை நாளில் சம்பளம் பாதி, கரிச்சேறு முழுசு.

வாசகசாலைக்குப் போனேன். பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று. போன யுத்தத்தில் ஒற்றர்கள் செய்த சாமான்கள். சுருட்டு மாதிரி ஈயக்குழாய், உள்ளே திராவகம். அது நடுவிலுள்ள செப்புத் தகட்டை அரித்து முடிக்கும்போது கப்பல் நடுக்கடலில் பற்றி எரியும். இன்னொன்று நிலக்கரிக் கட்டி. இரும்பு ஓடு, மேலே தாரும் கரித்தூளும், உள்ளே வெடிமருந்து. கரிக்குவியலில் போட்டுவிட்டால் போதும். உலைக்குள் போனதும் பாய்லரோடு சிதறும்.

என்ன மூளை. எனக்கு ஒன்று கிடைத்தால் போட இடமா இல்லை?

பசுந்தாங் திரும்பினேன். நாங்கள் குடியிருக்கும் கூலிக் கொட்டடி வாசலில் வெள்ளிக்கிழமைக் கூழுக்கு விறகு சேர்க்கிறார்கள். கரிமுனிக்காம்.

ஆடி 22, புதன்

பல்வலி. தூக்கமில்லை. பல் மட்டும் காரணமல்ல.

கரிமுனி அரச மரத்தடிச் சாமி. கிடங்கில் சிந்தும் கரியை அடுப்புக்கு எடுத்துக்கொள்வது கூடை சுமக்கும் பெண்களின் வழக்கம். போன மாதம் பழைய குவியலின் அடியில் வீராயி எடுத்த கட்டி சுத்தியலுக்கு உடையவில்லை. மணி மாதிரி ஒலித்தது. உடையாத கரி சாமிதான் என்று முடிவாகி மஞ்சள், குங்குமம், தினமும் சூடம்.

காலையில் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தேன். சுற்றிலும் பொருத்துக்கோடு. அடியில் திருகு மூடி.

வெள்ளியன்று அதை ஒட்டித்தான் அடுப்பு மூட்டுவார்கள். சுற்றிலும் குழந்தைகள்.

போலீசுக்குச் சொன்னால்? கொட்டடியையே வெடிகுண்டு வழக்கில் உள்ளே தள்ளுவான். முதலில் வீராயியை. கூலியில் மேஸ்திரி பிடிப்பதை எதிர்த்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவனே சாட்சி சொல்வான்.

இன்னொரு யோசனை. எழுதவே பயம். எழுதுகிறேன்: திரும்பக் கூடையில் போட்டுவிடலாம். சனிக்கிழமை கரி ஏற்றுவது கம்பெனிக் கப்பல்.

ஆடி 23, வியாழன்

வீராயியிடம் சொல்லிவிட்டேன். என் யோசனை உட்பட.

முதலில் சிரித்தாள். “இத்தனை நாளா சூடம் காட்டுறேன், ஒண்ணும் பண்ணலையே தம்பி. படிச்சவன் கண்ணுக்குச் சாமியும் வேட்டுதான்.” பொருத்துக்கோட்டைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. யார் வைத்தது, யாருக்கு என்று கேட்டாள். ஜெர்மன்காரன், வெள்ளைக்காரன் கப்பலுக்கு என்றேன். வெடித்தால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் என்று அளந்தேன்.

“நஷ்டத்தை யாரு கேட்டா. உலை முன்னாடி நிக்கிறவன் யாரு?”

பொருத்துக்கோட்டை விரலால் தடவினாள்.

“எம் புருசன் கப்பல்ல கரி தள்ளப் போனவன். சண்டை நேரம். பாய்லர் வெடிச்சிருச்சுன்னாங்க. அதோட சரி.”

விதவை என்று தெரியும். எப்படி என்று நான் கேட்டதே இல்லை. கூடை மட்டும் எண்ணியிருக்கிறேன்.

சாமியை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். சாமி கரைக்கப் போகிறோம் என்றதும் சம்பான்காரன் மறு பேச்சில்லாமல் படகை அவிழ்த்தான். கொட்டும் மழை. பசுந்தாங் ஓடையின் நடுவில் அவளே அதைத் தண்ணீருக்குள் நழுவவிட்டாள். கும்பிடவில்லை. தண்ணீரில் காறித் துப்பினாள்.

ஆடி 24, வெள்ளி

கொஞ்சம் வெயில். கூழ் ஊற்றினார்கள். சாமி இருந்த இடத்தில் மஞ்சள் பூசிய செங்கல். சாமி எங்கே என்று மேஸ்திரி அதட்டினான்.

“வெள்ளத்துல குளிக்கப் போயிருக்காரு. கூட நீங்களும் போறீங்களா?” என்றாள் வீராயி. கொட்டடியே சிரித்தது.

கூழில் உப்பு இல்லை. பல்வலி தேவலை.

ஆடி 25, சனி

கப்பலுக்குக் கரி. கையில் சுத்தியல். கூடையில் பெரிய கட்டியாகத் தெரிவதையெல்லாம் தட்டிப் பார்த்துத்தான் விடுகிறேன். கம்பெனிக்காக அல்ல. கப்பல் தாமதமாகிறது என்று மேஸ்திரி கத்துகிறான். தட்டுகிறேன்.